ஊசி போடாத ஆடு

சாமி,

கடைக்குப் புதுக் குளிர்பெட்டி வந்திருக்கிறது. பழையதை இன்று காலை நகர்த்தியபோது அதன் பின்னால் உங்கள் ஃப்ளாஸ்க் கிடந்தது. நீல மூடி, அகலமான வாய், உடைந்த கைப்பிடிக்குப் பதிலாக நீங்கள் சுற்றிய வெள்ளை நூல். "இத்தப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாமா?" என்றாள் என் வீட்டுக்காரி. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. எத்தனை ஆட்டு மூச்சுக்குழாய் ஐஸ் தண்ணீரில் மிதந்துகொண்டு இதில் போயிருக்கிறது! ரத்த வாடை கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டாமா? அப்படிக் கழுவியிருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்காகக் கழுவினீர்களா, வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று கழுவினீர்களா, அதை நான் கேட்டதில்லை. ரெண்டுக்கும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எங்கள் ஊர் குடிபாலாவில் படித்த படிப்பு லாரியின் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கத்தான் உதவியது. மற்றதெல்லாம் சந்தையில் கற்றது. ஆனாலும் உங்களிடம் பேச வேண்டியது மிச்சமிருக்கிறது. நீங்கள் இருந்தபோது பேசியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். இப்போது நீங்கள் எதிர்த்துப் பேச முடியாது, எனக்கு அது வசதி.

நீங்கள் முதலில் கடைக்கு வந்த காலை நினைவிருக்கிறதா? ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்து நின்றீர்கள். திருப்பதியில் கறிக்கடை நடத்துகிறவனுக்கு அது புதிதில்லை. கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளைகள் சில பேர் வருவார்கள், அவசரமாக வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்களும் அந்த ரகம் என்று நினைத்தேன்.

"எவ்ளோ சாமி? எலும்போடவா, தனிக்கறியா?"

"கறி வேண்டாம். மூச்சுக்குழாய் வேணும். இப்போதான் அறுத்ததா இருக்கணும்."

"அத்த யாரும் துன்ன மாட்டாங்க சாமி. நாய்க்குத்தான் போடுவோம்."

"திங்கறதுக்கு இல்லை."

பக்கத்தில் ஈரல் வாங்க நின்ற ஆட்டோக்காரர் ஒருவர், "மாந்திரீகம் பண்றாரு போல கீது, குடுத்து அனுப்புண்ணா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் ஹெல்மெட்டுக்குள் சிரித்தீர்களா, அழுதீர்களா, தெரியவில்லை. கண் மட்டும்தான் தெரிந்தது. ஆட்டின் வயது என்ன, எடை என்ன, கிடாயா பெட்டையா என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டீர்கள். கடையில் அறுத்த ஆட்டுக்கு ஜாதகம் எழுதிய முதல் ஆள் நீங்கள்தான்.

கொஞ்ச நாள் போனதும் ஹெல்மெட் கழன்றது. நெற்றியில் திருமண்ணைத் துடைத்த ஈரம் தெரிந்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்து கண்டுபிடிக்கிற வேலை என்றீர்கள். எலி, முயல் வைத்துக்கொள்ள உங்கள் கூடத்தில் ஆயிரம் அனுமதி கேட்டார்கள், வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள். செத்த ஆட்டின் குழாய்க்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அதனால்தான் என்னைத் தேடி வந்தீர்கள். என் மேல் பாசத்தில் இல்லை. அதை நான் எப்போதும் தெளிவாக வைத்திருந்தேன்.

எதற்காக இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். மறைக்காமல் சொன்னீர்கள். உங்கள் வீட்டம்மாவுக்கு ஆஸ்துமா. இதயமும் பலவீனம். மருந்தை உறிஞ்சினால் மூச்சு திறக்கும், ஆனால் கூடவே இதயம் தறிகெட்டு அடிக்கும். உறிஞ்சாவிட்டால் மூச்சு அடைக்கும். "எங்காத்துல அவ ஒவ்வொரு தரமும் எதால சாகறதுன்னு முடிவு பண்ணிண்டுதான் மருந்தைக் கையில எடுக்கறா" என்றீர்கள். இதயத்தைத் தொடாமல் மூச்சை மட்டும் திறக்கிற மருந்து ஒன்று வேண்டும். அதுதான் உங்கள் ஆயுள் முழுக்க நீங்கள் கேட்ட ஒரே வரம். கோயில் குடும்பத்தில் பிறந்தும் அதைக் கோயிலில் கேட்காமல் கறிக்கடையில் வந்து கேட்டீர்கள்.

மருந்து எப்படி இடம் பார்த்து வேலை செய்யும் என்று கேட்டேன். 'ரிசெப்டர்' என்றீர்கள். எனக்கு விளங்கவில்லை. அப்போது என் தோளில் துண்டு கிடந்தது. சந்தையில் ஆடு பேரம் பேசுவதைப் பற்றி முன்பே உங்களிடம் சொல்லியிருந்தேன். விற்பவனும் வாங்குபவனும் கையைத் துண்டுக்குள் விட்டுக்கொள்வோம். எந்த விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. வாய் பேசாது, சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் என் துண்டை உருவி, இரண்டு பேர் கை மேலும் போட்டு, என் சுண்டுவிரலைப் பிடித்தீர்கள். நீங்கள் என்னைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

"இதான் ஏகாம்பரம் என் உத்தியோகமே. மூச்சுக்குழாய்ல நிறைய கை நீட்டிண்டிருக்கு. இதயத்துலயும் கை இருக்கு, ஆனா வேற மாதிரிக் கை. என் மருந்து துண்டுக்குள்ள போய் மூச்சுக்குழாயோட கையை மட்டும் பிடிக்கணும். இதயத்தோட கையைப் பிடிச்சா பேரம் கெட்டுப்போச்சு."

"அப்போ நீங்களும் தரகர்தான் சாமி."

"தரகு கிடைக்காத தரகன்" என்று சிரித்தீர்கள்.

ஒரு தடவை உங்கள் கூடத்துக்கே என்னைக் கூட்டிப்போனீர்கள். வாட்ச்மேன் என் லுங்கியைப் பார்த்துத் தெலுங்கில் தடுத்தார். "மா மேஸ்திரி", எங்கள் மேஸ்திரி என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனீர்கள். நான் அறுத்த ஆட்டின் குழாயை வளையம் வளையமாக நறுக்கி, நூலில் சங்கிலி போலக் கோத்து, கண்ணாடிக் குழாயில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தீர்கள். தண்ணீருக்குள் காற்றுக் குமிழ் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டு விட்டதும் சதை சுருங்கியது, கம்ப்யூட்டரில் கோடு மேலே ஏறியது. ஆஸ்துமா வந்தால் இப்படித்தான் இருக்கும் என்றீர்கள். பிறகு உங்கள் மருந்தை விட்டீர்கள். கோடு மெல்ல, மெல்ல, படியிறங்குகிற மாதிரி இறங்கியது.

"செத்த ஆடு மூச்சு வுடுது சாமி" என்றேன்.

குழாயோடு நான் கொடுத்தனுப்பிய அதே ஆட்டின் இதயத் துண்டை வேறொரு கண்ணாடிக் குழாயில் காட்டினீர்கள். அதில் மருந்து விட்டும் கோடு அசையவில்லை. "பாத்தியா? இதயத்தைத் தொடவே இல்லை. எவ்வளவு மரியாதை தெரிஞ்ச மருந்து!" என்றீர்கள். பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட நீங்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கூடத்தில் வளர்க்கிற செல்களில் இந்த மருந்து சுமாராகத்தான் வேலை செய்தது என்று உங்கள் மாணவி மாதவி நினைவூட்டினாள். "தட்டுல வளர்ற செல் பொய் சொல்லும் அம்மா. உயிரோட இருந்த சதை பொய் சொல்லாது" என்று அவள் வாயை அடைத்தீர்கள்.

சதை பொய் சொல்லவில்லைதான் சாமி. நீங்கள் அதனிடம் சரியான கேள்வியைக் கேட்கவில்லை.

வருஷங்கள் போயின. ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி உங்கள் மருந்தை எடுத்துக்கொண்டு அடுத்த சோதனைகளைச் செய்வதாக ஒப்புக்கொண்டது. அன்று கடைக்கு லட்டு கொண்டுவந்தீர்கள். வெட்டு மேடையில் வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றீர்கள். "அவளுக்கு உறிஞ்சக் குடுக்க இன்னும் சில வருஷம் ஆகும். ஆனா கண்ணால பாத்துட்டுப் போவா" என்றீர்கள். ஆடுகள் எங்கிருந்து வருகின்றன, என்ன தின்கின்றன என்று கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அதற்காகச் சந்தையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றீர்கள். இத்தனை காலத்தில் அப்போதுதான் அந்த எண்ணம் உங்களுக்கு வந்தது.

என் வேனில் முன் சீட்டில் உட்கார வைத்துச் சித்தூர்ப் பக்கத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மாந்தோப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தீர்கள். சந்தையில் முனிரத்தினம் தன் ஆடுகளை வரிசையாகக் கட்டியிருந்தான். அவனிடம்தான் நான் எப்போதும் வாங்குவேன். மழைக்காலம், நடந்து வந்த ஆடுகள் இருமிக்கொண்டிருந்தன. அவன் வாயில் பீடியோடு, ஒரே ஊசியால் ஆடு ஆடாகத் தொடையில் குத்திக்கொண்டு போனான்.

"என்ன ஊசி அது?" என்றீர்கள்.

"தெம்பு ஊசி சாமி. டெக்ஸா. நேத்து சாயங்காலம் ஒரு தபா போட்டது, இப்போ ஒரு தபா. படுத்துக்கினு இருக்கிற ஆடு எழுந்து நிக்கும், இருமல் அடங்கும், தீனி துன்னும். இல்லன்னா உங்க ஏகாம்பரம் வெலையக் கொறைப்பாரே!"

"எல்லா ஆட்டுக்குமா?"

"சந்தைக்கு வர்ற ஆட்டுக்கு எல்லாத்துக்கும்தான். எங்க நைனாவே போடுவாரு."

நீங்கள் அந்தச் சின்ன பாட்டிலைக் கையில் வாங்கி எழுத்தைப் படித்தீர்கள். பிறகு வேனின் பின்படியில் உட்கார்ந்தீர்கள். ஆட்டுப் புழுக்கை கிடந்தது, அதைத் தட்டிவிடவும் இல்லை. முகம் வெளுத்ததைப் பார்த்து ஒரு தரகன், "ஏண்ணா, சாமிக்கும் ஒண்ணு குத்தட்டுமா? நிமிந்து நிப்பாரு!" என்றான். சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு என்ன தெரியும்?

திரும்பும் வழியில் சொன்னீர்கள். அந்த ஊசி ஸ்டீராய்டு. அது உடம்புக்குள் போனால் மூச்சுக்குழாயில் கைகள் அதிகமாக முளைக்கும். நூறு கை நீட்டியிருக்கிற இடத்தில் எவ்வளவு சோம்பேறி மருந்து போனாலும் ஏதோ ஒரு கை அகப்பட்டுவிடும், கோடு இறங்கிவிடும். இதயத்தில் அப்படிக் கைகள் கூடுவதில்லை. அதனால் அங்கே கோடு அசையவில்லை.

"அது மரியாதை இல்லை ஏகாம்பரம். அதுக்குச் சக்தி இல்லை. அவ்வளவுதான்."

சந்திரகிரியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். உங்கள் டீயில் ஈ விழுந்தது. பார்த்தீர்கள், எடுக்கவில்லை.

சந்தேகம் தீர வேண்டுமென்றீர்கள். ஊசியே தெரியாத ஆடுகள் வேண்டும். குடிபாலாவில் என் மச்சான் வளர்க்கிற வெள்ளாடுகளைக் கொண்டுவந்தேன். "என் ஆட்டுக்கு இன்னா கொறைன்னு டாக்டர் செக் பண்றாரு?" என்று மச்சானுக்குக் கோபம். அறுத்தேன், ஃப்ளாஸ்கில் போட்டேன், நானே உங்களோடு கூடத்துக்கு வந்தேன். சொட்டு விட்டீர்கள், கோடு ஏறியது. மருந்து விட்டீர்கள். கோடு ஏறிய இடத்திலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டீர்கள். கொஞ்சம் தளர்ந்தது, நின்றது. மாதவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். நீங்கள் அடுத்த ஆட்டை எடுத்தீர்கள். அதற்கடுத்ததையும் எடுத்தீர்கள். கொண்டுவந்தவை அத்தனையும் ஒரே பதிலைத்தான் சொல்லின.

அப்போது நான் ஒன்று சொன்னேன். அதை இன்றைக்கும் தப்பென்று நினைக்கவில்லை.

"சாமி, இது நமக்கு ரெண்டு பேருக்கும் அந்தப் பொண்ணுக்கும்தான் தெரியும். ஹைதராபாத்காரன் அவனே டெஸ்ட் பண்ணித் தெரிஞ்சிக்கட்டும். விக்கிற நேரத்துல ஆடு இருமுதுன்னு நாமளே எதுக்குச் சொல்லணும்?"

"வாங்கறவன் ஆஸ்துமாக்காரன் ஏகாம்பரம்."

"வாங்குறவன் கம்பெனிக்காரன் சாமி."

"கடைசில உறிஞ்சறவ எங்காத்துல இருக்கா."

அதோடு பேச்சு முடிந்தது. நீங்களே எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினீர்கள். பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நீங்களே எழுதினீர்கள். யாரும் உங்களைப் பிடிக்கவில்லை, நீங்களே கையை நீட்டிக் கொடுத்தீர்கள். நேர்மைக்கு மரியாதை கிடைக்கும் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. உங்கள் டைரக்டர் எல்லோர் முன்னாலும், "கசாப்புக் கடையில சயின்ஸ் பண்ணா கறி வாடைதான் மிஞ்சும்" என்றாராம். கூடவே இருந்து உங்கள் கட்டுரைகளில் பெயர் போட்டுக்கொண்டவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள் என்று வாட்ச்மேன் என்னிடம் சொன்னார். மாதவியின் பட்டம் அந்த ஆடுகளின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அதுவும் விழுந்தது. அவள் நெல்லூருக்குப் போய் ஏதோ பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன்பிறகு உங்களுக்கு ஒரு போன் பண்ணவில்லை. உங்கள் அறையில் பழைய நாற்காலிகளைப் போட்டுப் பூட்டினார்கள்.

வீட்டில் என்ன நடந்தது என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். உங்கள் வீட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர்கள் கேட்டது ஒன்றுதானாம்: "அப்போ இத்தனை வருஷம் அந்த வாடையைச் சகிச்சுண்டு உங்க பக்கத்துல படுத்தேனே, அது எதுக்கு?" அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது சாமி. நீங்கள் துடைத்த நெற்றியும் கழுவிய ஃப்ளாஸ்கும் வீண்.

ஓய்வு பெற்றபிறகு ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தீர்கள். கூட்டமில்லாத நேரம். ஹெல்மெட் இல்லை, திருமண் பளிச்சென்று இருந்தது. வெட்டு மேடையைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

"ஏகாம்பரம், நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே சாமி."

"கேக்கலை" என்றீர்கள். போய்விட்டீர்கள்.

அதுதான் நம் கடைசிப் பேச்சு. அதற்கு மேல் ஏதாவது சேர்த்துச் சொல்லியிருந்தால் நீங்கள் கொஞ்சம் ஆறுதலாகப் போயிருப்பீர்கள். சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. வயது கேட்டீர்கள், சொன்னேன். எடை கேட்டீர்கள், சொன்னேன். சந்தை ஆட்டுக்கு ஊசி போடுவது எங்களுக்கு வண்டிக்கு டீசல் போடுகிற மாதிரி. அதை யாராவது தனியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? பொய் சொல்லி விற்றிருந்தால் நான் உங்கள் காலில் விழுந்திருப்பேன். நான் எதையும் மறைக்கவில்லை.

நீங்கள் போன செய்தி வந்தபோது வேனை எடுத்துக்கொண்டு நேரே சுடுகாட்டுக்கு வந்தேன். தூரத்தில் நின்றேன். ஆஸ்துமாவும் இதயமும் உள்ள அம்மா வீட்டில் உயிரோடு இருக்கிறார்கள். ரெண்டும் இல்லாத நீங்கள் ஒரு காலையில் குளிக்கப் போய் விழுந்து முடிந்துபோனீர்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது உங்கள் மகன் என்னிடம் வந்தார். சந்தேகமில்லாமல் உங்கள் முகம். ஒரு துணிப்பையை நீட்டினார்.

"இது உங்களோடது. ஆத்துல வெச்சுக்க முடியாது, எடுத்துண்டு போயிடுங்கோ. பதிமூணாம் நாளுக்கு வரணும்னு சிரமப்பட வேண்டாம். அப்பாவை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவா யாரையும் அம்மா பாக்க வேண்டாம்னு நினைக்கறேன்."

பைக்குள் ஃப்ளாஸ்க் இருந்தது. "அது உங்க அப்பாவோடது தம்பி, என்னோடது இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் திரும்பி நடந்துவிட்டார். கடைக்கு வந்து குளிர்பெட்டிக்குப் பின்னால் வைத்தவன்தான். இன்று காலைவரை எடுக்கவில்லை.

இனி என் கணக்கைச் சொல்கிறேன். நான் வியாபாரி, எது கெட்டுப்போனாலும் அதில் விற்கக்கூடியது எது என்று பார்க்கிறவன். முனிரத்தினத்திடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். குடிபாலாப் பக்கம் வீடு வீடாகப் போய் ஆடு பிடிக்கிறேன். 'இங்கே ஊசி போடாத ஆட்டுக்கறி மட்டும் கிடைக்கும்' என்று தமிழிலும் தெலுங்கிலும் போர்டு மாட்டியிருக்கிறேன். விலை கொஞ்சம் கூடத்தான். ஞாயிற்றுக்கிழமை வரிசை அடுத்த கடை வாசல்வரை போகிறது. உங்கள் ஆராய்ச்சியால் இந்த உலகத்துக்குக் கிடைத்த பலன் இது ஒன்றுதான் சாமி. உங்கள் டைரக்டர் வீட்டுக்கும் என் கடைக் கறிதான் போகிறது. டிரைவர் வந்து வாங்கிப்போகிறார்.

ஆடு போதாத நாளில் சந்தைக்கும் போகிறேன். துண்டுக்குள் கையை விடுவதற்கு முன்னால், "இன்னா போட்டிருக்க?" என்று கேட்கிறேன். நீங்கள் கேட்காத கேள்வி. முனிரத்தினம் தூரத்தில் என்னைக் கண்டதுமே, "டேய், டாக்டர் வந்துகினு கீறாரு, ஊசிய ஒளிச்சு வைங்கடா!" என்று கத்துவான். உங்களைப் படுத்திய பட்டம் இப்போது என் தலையில்.

அம்மாவை மருந்துக்கடையில் ஒருநாள் பார்த்தேன். பழைய மருந்தையே வாங்கினார்கள். வாசலிலேயே உறிஞ்சினார்கள், பிறகு நெஞ்சின் மேல் கையை அழுத்திக்கொண்டு, உள்ளே அடிக்கிறது அடங்கட்டும் என்று சுவரில் சாய்ந்து நின்றார்கள். என்னை அடையாளம் தெரிந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் நின்று பேசவில்லை.

ஃப்ளாஸ்கைப் பழைய சாமான்காரனுக்குப் போடவில்லை. புதுக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்திருக்கிறேன், இடத்தை அடைக்கிறது என்று வீட்டுக்காரி திட்டுகிறாள். இன்னொரு பழக்கத்தையும் விடவில்லை. காலையில் அறுக்கிற முதல் ஆட்டின் மூச்சுக்குழாயைக் கை தானாகத் தனியே எடுத்து ஓரத்தில் வைக்கிறது. நீங்கள் வருகிற நேரம் தாண்டும்வரை அது அங்கேயே கிடக்கும். பிறகு எடுத்து வாசலில் காத்திருக்கிற நாய்களுக்குப் போடுவேன். அவை முகர்ந்துகூடப் பார்க்காமல் விழுங்கிவிடும். அந்த ஆட்டுக்கு யார் என்ன போட்டார்கள் என்று அவையும் கேட்பதில்லை.

ஏகாம்பரம்